ஓட்டினவரே நிறுத்தணும்

எல்லம்மாள் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் கால் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் துக்கத்துக்கு வந்தவர்கள் கழற்றிப் போட்டவை. உள்ளே ஐஸ் பெட்டியில் கிடப்பது அவளுடைய கடைசித் தம்பி சகாதேவன். ஒப்பாரியைப் பாதியில் விட்டுவிட்டு இவள் ஏன் செருப்பைக் கிளறுகிறாள் என்று சகாதேவனின் மகள் தேவிப்ரியாவுக்கு விளங்கவில்லை. டீ டம்ளர்கள் இருந்த தட்டோடு நிலைப்படியிலேயே நின்றாள்.

"இன்னா அத்த தேடற?"

"உங்கப்பன் செருப்பு. அந்தப் பழுப்புக் கலரு. அவன் போட்டதெல்லாம் கூடவே காட்டுக்குப் போவணும் இல்ல. சட்ட கெடைச்சிது, துண்டு கெடைச்சிது, செருப்பதான் காணோம்."

"இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும் அத்த."

"அதத்தான் நானும் சொல்றேன். கிரிவலம் போனவன் செருப்பு போட்டுகினா போவான்? கழட்டி வுட்டுட்டுதான போயிருப்பான். அப்ப இங்கதான கெடக்கணும்."

தேவிப்ரியா டீத் தட்டை நிலைப்படியிலேயே இறக்கி வைத்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து அத்தனை பேருக்கும் சொல்லியாகிவிட்டது. அத்தனை பேரும் நம்பியும் ஆகிவிட்டது. செருப்பை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

"வாரு அறுந்துபோச்சுன்னு தைக்கக் குடுத்திருந்தாரு. நான் போய் வாங்கினு வரேன்."

எல்லம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் கயிற்றுக் கட்டிலை விட்டு இறங்காத ஜாதி என்பதால் மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் நிலக்கடலைக் கொல்லையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவள். கூலிக்கு வந்தவர்கள் மடியில் எவ்வளவு கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நடையை வைத்தே சொல்லிவிடுவாள். "சரி, வாங்கினு வா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தாள்.

பொய் தேவிப்ரியாவுடையது இல்லை, பெரியப்பா சுப்பிரமணியுடையது. ஆஸ்பத்திரியில், கொண்டுவருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று சொன்னதும், அழுதுகொண்டே செல்போனை எடுத்தவர் முதல் போனிலேயே, "கிரிவலப் பாதையிலப்பா. நடந்துகினே போயிருக்கான், நிருதி லிங்கத்தாண்ட அப்படியே சாஞ்சிட்டான்" என்று சொல்லிவிட்டார். இந்த ஊரில் சாவிலும் உசத்தி, மட்டம் உண்டு. மலையைச் சுற்றும்போது போன உயிர் என்றால் கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கொடுத்து வைத்த ஆத்மா என்பார்கள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொல்லி மாய்ந்துபோனார்கள். கேட்கக் கேட்க, தங்கள் சாவுக்கும் சேர்த்தே மனு போடுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

நடந்தது வேறு. சகாதேவன் செத்துப்போனது ரமணாசிரமம் பக்கத்தில், ஒரு கெஸ்ட் ஹவுஸின் மாடி அறையில், பொம்மை ரயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது. தலை ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் மடியில் இருந்தது. "இத வெளிய சொன்னா நாளைக்கு டீக்கடையில இன்னா பேசுவானுங்க, நீயே சொல்லு" என்று பெரியப்பா ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டார். அவருக்குப் பயம் ஊர் வாய்தான்.

அம்மா சந்திரகலாவுக்கு வேறு காரணம் இருந்தது. அது தேவிப்ரியாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, போளூரில் அம்மாவின் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. மூன்று பேருமாகப் போவதாகப் பேச்சு. அப்பா காலையிலேயே குளித்து, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார், ஆனால் போளூருக்கு இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அவரைப் போலவே ரயில் கிறுக்குப் பிடித்த ஆட்கள் வருகிறார்களாம். அவர் செய்து வைத்ததைப் பார்க்க வருகிறார்களாம். அவர்தான் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். "பன்னண்டுக்குள்ள முடிச்சிட்டு நேரா பஸ் ஏறிட்றேன் சந்திரா. பந்திக்கு வந்துட்றேன்" என்றார்.

அம்மாவுக்கு ரொம்ப நாளாகவே ஆத்திரம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டையர் ஆன மனுஷன், பேரன் பேத்தி எடுக்கிற வயசில் பொம்மை ரயில் ஓட்டுகிறார் என்று பிறந்த வீட்டில் சிரிப்பார்கள். "போங்க" என்றாள். "அந்த பொம்ம ரயில் மேலயே வுழுந்து சாவுங்க. எடுத்துப் போடக்கூட நான் வர மாட்டேன்."

வீட்டுக்கு வீடு சொல்கிற வார்த்தைதான். அன்றைக்கு இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் அதைச் சொல்லியிருப்பார்கள், எத்தனையோ ஆண்கள் சாயங்காலம் ஒழுங்காக வீடு திரும்பிக் காபி கேட்டிருப்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினார்.

போன் வந்த நேரத்திலிருந்து அம்மா வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா கிரிவலப் பாதை என்று சொன்னபோது மட்டும் தலையை வேகவேகமாக ஆட்டினாள். அதற்கப்புறம் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்தவள்தான். கண்ணாடியில் ஈரம் கோத்து அப்பாவின் முகம் மறையும். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கையை வைப்பாள். இந்தப் பொய் உடைந்தால் அம்மா என்ன ஆவாளோ என்று தேவிப்ரியாவுக்குப் பயமாக இருந்தது. அப்பா போன துக்கத்தைவிட அந்தப் பயம்தான் முன்னால் நின்றது. அதற்காகவும் அவளுக்கு அழுகை வந்தது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது பெரியப்பா பின்னாலேயே வந்தார். "எல்லம்மா இன்னா கேட்டா?"

"செருப்பு எங்கன்னு."

"அய்யய்யோ" என்று தலையில் கை வைத்தார். "போய் எடுத்துனு வந்துடு. அப்படியே அந்த ஆளுங்க யாரும் இங்க வரக் கூடாதுன்னு சொல்லிட்டு வா. மாலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கெஸ்ட் ஹவுஸ் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அதன் சொந்தக்காரன் இளஞ்செழியன் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தான். நேற்று ஆம்புலன்ஸில் கூடவே வந்தவன், சட்டையைக்கூட மாற்றவில்லை. அவனுக்குப் பக்கத்துப் படியில் அப்பாவின் செருப்பு இருந்தது. அப்பா எப்போதும் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே கழற்றிப் போடுகிறவர். யாரோ அவற்றை ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது, பக்கத்து வீட்டில் யாரோ தையல் மிஷினை மிதிக்கிற மாதிரி.

"என்னங்க அது?"

"மேல வந்து பாருங்கம்மா" என்று இளஞ்செழியன் எழுந்தான்.

அவள் அந்த அறைக்கு வந்ததே இல்லை. ஒரு நாள் வாயேன் என்று அப்பா கூப்பிடுவார், வரேன்பா என்பாள், அதோடு சரி. அறை முழுவதையும் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய பலகை அடைத்திருந்தது. நடுவில் மலை. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் இன்ன இடத்திலிருந்து தெரிகிற மலை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அச்சு. கட்டைவிரல் உயரத்தில் கோபுரங்கள், ஓட்டு வீடுகள், ஒரு ஸ்டேஷன், அதில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற வளைந்த குழாய். கறுப்பு நீராவி இன்ஜின் ஒன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு மலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்துலேர்ந்தா ஓடுது?"

"நேத்துலேர்ந்துதாம்மா. சார் சாஞ்சதும் எல்லாரும் அவரத் தூக்கினு ஓடிட்டோம். வண்டிய யாரும் பாக்கல. சாயங்காலம் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து கதவத் தெறந்தா, அது பாட்டுக்குச் சுத்திகினு இருக்குது."

"நிறுத்தியிருக்கலாமே."

இளஞ்செழியன் பிடரியைத் தேய்த்துக்கொண்டான். "எங்களுக்குள்ள ஒரு வழக்கம்மா. வண்டிய எடுத்தவருதான் கொண்டாந்து ஸ்டேஷன்ல நிறுத்தணும். நடுவுல வேற யாரும் கை வைக்கக் கூடாது. வீட்லேர்ந்து அவசரமா போன் வந்தாக்கூட, வண்டிய ஸ்டேஷன்ல கொண்டாந்து வுட்டுட்டுதான் எடுப்பாங்க. வெளியாளுங்களுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும். நேத்து நான் ரெண்டு தபா அந்தக் குமிழ்கிட்ட கையக் கொண்டுபோனேன். முடியலம்மா. நிறுத்திட்டா அவ்ளோதான்னு தோணிச்சு."

தேவிப்ரியா குமிழைப் பார்த்தாள். பலகையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில், வீட்டில் ஃபேனுக்கு இருக்கிற ரெகுலேட்டர் மாதிரிதான் இருந்தது.

"எங்கப்பா இங்க எப்படி வந்து சேர்ந்தாரு?"

"மாடி மீட்டர் பெட்டி அந்த ஜன்னலுக்கு வெளிய, வராந்தாவுலதான். ரீடிங் எடுக்க வரப்பல்லாம் எட்டிப் பாப்பாரு. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் ஒரு நாள் கார்டும் பேனாவும் இல்லாம வந்து நின்னாரு. இன்னா சார் திரும்ப ரீடிங்கான்னு கேட்டேன். இல்ல, உள்ள வரலாமான்னு கேட்டாரு."

புதிதாகச் சேருகிறவர் தன் கையால் ஏதாவது ஒன்று செய்துகொண்டுவந்து பலகையில் வைக்க வேண்டும், எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் அவர் உள்ளே. வழக்கமாக ஒரு சிக்னல் கம்பமோ ஒரு மரமோ செய்து வருவார்கள். சகாதேவன் மலை செய்கிறேன் என்றார், ரயில் அதைச் சுற்றட்டும் என்றார். பெரிய சண்டை. நிஜத்தில் ரயில் ஊரின் ஒரு ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது, மலையைச் சுற்றுவதே இல்லை. இன்ஜினில் ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலே நாள் முழுக்க வாதாடுகிற கூட்டம் அது. இல்லாத லைனை எப்படிப் போடுவது என்று அதிகம் கத்தினது மார்த்தா என்கிற அந்த வெள்ளைக்கார அம்மாதான். சகாதேவன் வேலையை ஆரம்பித்தார். மாசக்கணக்கில் பழைய பேப்பரை ஊறவைத்து, அரைத்து, மலையைச் செய்து கொண்டுவந்து வைத்தார். ஒரு சுத்து வுட்டுப் பாருங்க, பிடிக்கலன்னா எடுத்துட்றேன் என்றார்.

"ஒரு சுத்து பாத்தோம். அப்புறம் யாரும் எடுக்கச் சொல்லல" என்றான் இளஞ்செழியன். "எப்பவும் வலமாத்தான் வுடுவாரு. எதிர்ப் பக்கம் ஓட்டவே மாட்டாரு."

வீட்டில் ஊறவைத்த பேப்பர் நாற்றத்துக்கு அம்மா போட்ட சண்டை தேவிப்ரியாவுக்கு ஞாபகம் வந்தது. மொட்டை மாடியில் காயவைத்த ஏதோ ஒன்று மழையில் நனைந்து அப்பா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்ததும் வந்தது. என்ன அது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். அவளுக்குச் சட்டென்று பொறாமையாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபத்திலேயே வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"அப்பா கிரிவலப் பாதையில தவறினதா சொல்லியிருக்கோம். நீங்க யாரும் வீட்டுக்கு வர வேணாம்."

இளஞ்செழியன் ரயிலைப் பார்த்தபடியே கேட்டான். "இங்க இருந்ததுல வெக்கப்பட இன்னாம்மா இருக்குது? நேத்து அத்தினி பேரு முன்னாடி ஓட்டினாரு. மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்க அவரு கையப் புடிச்சிகினு பேசினாங்க. ஒரு மால போட எங்களுக்கு எடமில்லையா?"

"எங்கம்மாவுக்காகங்க" என்றாள்.

"சரிம்மா" என்றான் அவன். "ஆனா மார்த்தா அம்மா பூ வாங்கினு அப்பவே கெளம்பிட்டாங்களே."

வீட்டுக்குத் திரும்பியபோது எல்லம்மாள் வாசலிலேயே கையை நீட்டி செருப்பை வாங்கினாள். ஒவ்வொன்றையும் திருப்பி, வாரை இழுத்துப் பார்த்தாள். அப்பாவின் துணி மூட்டையோடு வைத்துக் கட்டினாள்.

உள்ளே பெண்களுக்கு நடுவில் மார்த்தா உட்கார்ந்திருந்தாள். நூல் சேலை, நரைத்த கொண்டை, மடியில் வாழையிலையில் சுற்றிய பூ. முழங்கால் மடக்க முடியாமல் ஒரு காலை நீட்டியிருந்தாள். ஆசிரமத்துப் பக்கம் இப்படி எத்தனையோ பேர் திரிகிறார்கள் என்றாலும், சாவு வீட்டில் வந்து உட்கார்ந்தால் யார் சும்மா இருப்பார்கள். ஒப்பாரி தேய்ந்து நின்றுவிட்டது. பெரியப்பா கதவோரத்தில் உறைந்துபோய் நின்றார்.

"யாரும்மா நீ?" என்று எல்லம்மாள் கேட்டாள்.

"ஃப்ரெண்ட்" என்றாள் மார்த்தா. "சகாதேவன் ஃப்ரெண்ட்." பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்து, சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "அவருக்குக் கஷ்டம் இல்ல. சிரிச்சிட்டு இருந்தாரு. அப்படியே."

"நீ எங்க பாத்த?" எல்லம்மாள் விடவில்லை.

மார்த்தா வாயைத் திறந்தாள். தேவிப்ரியா முந்திக்கொண்டாள். "வழியில பாத்தாங்களாம் அத்த. இவங்களும் மலை சுத்தறவங்கதான்."

மார்த்தாவின் நீலக் கண்கள் தேவிப்ரியாவின் முகத்தில் வந்து நின்றன. அப்புறம் ஐஸ் பெட்டிமேல் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தாள். இல்லாத லைனைப் போடக் கூடாது என்று மாசக்கணக்கில் சண்டை போட்டவள், "ஆமா" என்று தலையைக் குனிந்தாள். "வழியில."

"சிரிச்சிட்டு இருந்தாரா?" என்று அம்மா கேட்டாள். நேற்றிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அது.

"ஆமா. நல்லா சிரிச்சிட்டு."

அம்மா கண்ணாடியைத் துடைத்தாள். பூ வாசம் அந்த அறையில் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குமேல் எடுத்தார்கள். பெரியப்பா மகன் பிரகாஷ் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும் எல்லாம் முடிந்தது என்று தேவிப்ரியா நினைத்தாள். பொய் தாங்கிவிட்டது. இனி அம்மாவைத் தூங்க வைத்தால் போதும். ஆனால் எல்லம்மாள் புது அகல் விளக்கும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள போய் வெச்சிட்டு வந்துடலாம்" என்றாள். "உயிர் போன எடத்துல ஒரு வெளக்கு வெக்கணும். எங்க பக்கம் அப்படித்தான். இல்லன்னா வழி தெரியாம அங்கியே நின்னுகினு இருப்பான்."

சுடுகாட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பெரியப்பா, "அதெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்கக்கா" என்றார்.

"நான் பாக்கறேன்."

"ரோட்ல எங்க போய் வெளக்கு வெக்கறதுக்கா. சந்திரா வேற இன்னிக்கு வெளிய வரலாமா."

"பொண்டாட்டி கையாலதான் ஏத்தணும். எந்த எடம்னு உனுக்குத் தெரியும் இல்ல. ஆட்டோ சொல்லு."

நிருதி லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. இறங்கி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். இளநீர் வண்டிக்காரன் கடையை மூடிக்கொண்டிருந்தான். நாலு பேர் வெறுங்காலோடு வேகமாக நடந்து போனார்கள். "தோ, இந்தக் கல்லாண்டதான்" என்று ஒரு கிலோமீட்டர் கல்லைக் காட்டினார். அப்பா தன் வாழ்நாளில் அந்தக் கல்லின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றிருப்பாரா என்றுகூடத் தெரியாது.

எல்லம்மாள் கையாலேயே மண்ணை ஒதுக்கி, அகலை வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். தீப்பெட்டியை அம்மாவிடம் கொடுத்தாள்.

முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவது பற்றியது. அம்மா அதைத் திரியிடம் கொண்டுபோகவில்லை. விரல் வரைக்கும் எரியவிட்டுக் கீழே போட்டாள்.

"இங்க இல்லக்கா" என்றாள்.

"சந்திரா, ஆளுங்க பாக்கறாங்க" என்றார் பெரியப்பா.

"இங்க இல்ல. நான் சாவுங்கன்னு சொன்னேன்கா. ரயில் மேலயே வுழுந்து சாவுங்கன்னு சொன்னேன். நான் சொன்ன எடத்துலதான் செத்தாரு." அம்மா எல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க வெளக்க வெச்சிட்டுப் போனா அவரு அங்கியே இல்ல நின்னுகினு இருப்பாரு." ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தேவிப்ரியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவளுக்கும் சேர்ந்துதான் அழுகை வந்தது. பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது, இனி பயப்பட ஒன்றும் இல்லை.

அவள் அழுது முடிக்கட்டும் என்று எல்லம்மாள் காத்திருந்தாள். பிறகு அகலில் இருந்த எண்ணெயைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றினாள்.

"தைக்கக் குடுத்த செருப்பு வந்துச்சி, தையலக் காணோம். அப்பவே இன்னாமோ கீதுன்னு தெரியும்" என்றாள். "ஏண்டி, நான் எங்கூட்டுக்காரர எத்தினி வாட்டி சாவுன்னு சொல்லிகீறேன். இன்னும் கல்லாட்டம் கட்டில்ல படுத்துகினு கீறாரு. நாம சொன்னா செத்துப்போறவனுங்களா இவனுங்க? எழுந்திரு. எங்கன்னு சொல்லு, போலாம்."

படியேறும்போதே சத்தம் கேட்டது. காலையில் தேவிப்ரியா கேட்ட சத்தம்தான், ஆனால் இப்போது கொஞ்சம் கரகரத்தது. இளஞ்செழியனும் மார்த்தாவும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யார், எதற்கு வந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லம்மாளின் கையில் அகலைப் பார்த்ததும் இளஞ்செழியன் ஓடிப்போய் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்தான். "மலை பேப்பர்ல செஞ்சதும்மா, அதான்" என்று சங்கடத்தோடு சொன்னான்.

"எங்க வுழுந்தாரு?" என்று அம்மா கேட்டாள்.

பலகைக்குக் கீழே, குமிழ் இருந்த பக்கத்துத் தரையை அவன் காட்டினான். தட்டை அங்கே வைத்தார்கள். இந்தத் தடவை முதல் குச்சியிலேயே திரி பற்றிக்கொண்டது.

அம்மா நிமிர்ந்தாள். அவளும் அந்த மலையை அப்போதுதான் பார்க்கிறாள். ரயில் மலைக்குப் பின்னால் போய் மறைந்தது, திரும்பி வந்தது. மறுபடி மறைந்தது. எல்லம்மாள் பலகையைச் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தாள். "எங்க ஊரு" என்றாள். "தோ பாரு, நம்ம கொல்ல. கட்டிலு கூடப் போட்டுகீறான். அதுல ஒரு ஆளு படுத்துகினு கீறான்." அவள் குரல் சிரிப்பா அழுகையா என்று பிடிபடாமல் வந்தது. கதவருகில் நின்ற தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொன்னதும் ரொம்பப் பொய்யில்ல, போ." பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இத யாரு நிறுத்தறது?" என்று அம்மா கேட்டாள்.

இளஞ்செழியன் வழக்கத்தைச் சொன்னான். எடுத்தவர்தான் நிறுத்த வேண்டும் என்பதை, நேற்று தன்னால் முடியாமல் போனதை. "அவரு கைக்கு அடுத்தது உங்க கைதாம்மா" என்றான்.

"எங்க நிறுத்துவாரு?"

"இன்ஜின் அந்தத் தண்ணிக் குழாய்க்கு நேரா நிக்கணும். மெதுவா இப்படித் திருப்பணும்."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குமிழைப் பிடித்தாள். திருப்பினாள். அவசரப்பட்டுவிட்டாள். ரயில் மலைக்குப் பின்னால், எல்லம்மாளின் கொல்லைக்குப் பக்கத்தில் நின்றுபோயிற்று. நேற்றிலிருந்து அந்த அறையில் இருந்த சத்தம் இல்லாமல்போனது. அம்மா பயந்துபோய் உடனே குமிழைத் திரும்பத் திருகினாள்.

"மெதுவா" என்றாள் மார்த்தா. "மெதுவா, மெதுவா."

"வருது, வருது" என்று எல்லம்மாள் பின்பக்கத்திலிருந்து சொன்னாள். "தோ திரும்பிட்ச்சு."

இன்ஜின் மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. கோபுரங்களைக் கடந்தது. ஸ்டேஷனுக்குள் ஊர்ந்து நுழைந்து, தண்ணீர்க் குழாயைத் தாண்டி ஒரு விரற்கடை தள்ளி நின்றது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அம்மா கையை நீட்டி இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நேத்துலேர்ந்து ஓடினதும்மா" என்றான் இளஞ்செழியன். "சுடும்."

அம்மா கையை எடுக்கவில்லை.